தேர் வீதியின் நாற்பத்தொன்றாவது குழாய்

பிப்ரவரி 11, செவ்வாய்.

இன்றைய தவறு: தேர் வீதியில் வீடுகளுக்குத் தற்காலிகமாக இழுத்துவிட்டிருக்கும் கறுப்புக் குழாய்களை எண்ணினேன். நாற்பத்தொன்று. சாலைக்கு அடியில் நாங்கள் குறுக்கே புதைத்தவை நாற்பது. யாராவது ஒருவர் இரண்டு இணைப்பு வைத்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வகுப்புக்கு நேரமாகிவிட்டதால் கிளம்பி வந்துவிட்டேன். போய்ப் பார்த்திருக்க வேண்டும். சிறிய தவறுதான். நாளை காலை முதல் வேலையாகப் பார்க்கலாம்.

ரோஹிணி படிகேர் இதை எழுதியது மாலைக் கல்லூரியின் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து, பேராசிரியர் இன்னும் வராத நேரத்தில். பகலில் அவள் ஹொன்னகேரி நகரசபையின் சாலைப் பிரிவில் இளநிலைப் பொறியாளர். டிப்ளமா படிப்புக்குக் கிடைத்த வேலை. பட்டம் வேண்டுமென்று மாலையில் படிக்கிறாள். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து, அன்றன்று செய்த தவறை எழுதிவைக்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. எழுதிய பிறகும் பல நாள் வந்ததில்லை. தகுதிகாண் பருவம் முடிய இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன. தன்னை இந்த வேலைக்கு எடுத்ததே யாரோ கவனிக்காமல் செய்த பிழை என்று அவளுக்கு உள்ளூர ஒரு சந்தேகம் உண்டு. அதை மட்டும் அவள் எங்கும் எழுதியதில்லை.

அந்த வருடம் சாலைப் பிரிவின் கையில் இருந்த பெரிய வேலை தேர் வீதி. மற்ற சாலைகளுக்கெல்லாம் பணம் வந்த நாளிலிருந்து முன்னோக்கித் திட்டம் போடுவார்கள். தேர் வீதிக்கு மட்டும் தேர் நகரும் நாளிலிருந்து பின்னோக்கிப் போட்டார்கள். ஹோலிப் பௌர்ணமியன்று வீரபத்ரர் தேர் கோயிலை விட்டுக் கிளம்பும். அத்தனை கனத்தைத் தாங்க கான்கிரீட்டுக்கு இருபத்தெட்டு நாள் வயதாகியிருக்க வேண்டும். அப்படி எண்ணிக்கொண்டு வந்தால், கடைசிக் கலவை வரும் வியாழக்கிழமை விழுந்தாக வேண்டும். சாலையின் வடபாதி இரண்டு வாரம் முன்பே வார்க்கப்பட்டு, நனைத்த சாக்குகளுக்கு அடியில் கிடந்தது. தென்பாதியில் அடித்தளம் இறுக்கியாகிவிட்டது. வியாழன் விடிகாலைக்குக் கலவை லாரிகளுக்கும் சொல்லியாகிவிட்டது.

தண்ணீர்ப் பெருங்குழாய் வடக்கு ஓரத்தில் போகிறது. தெற்கு ஓரத்து வீடுகளுக்குத் தண்ணீர் சாலையைக் கடந்துதான் போக வேண்டும். கான்கிரீட் போட்டபின் சாலையை யாரும் வெட்டக்கூடாது என்பது உத்தரவு. கான்கிரீட்டைத் துண்டு துண்டாகத்தான் வார்ப்பார்கள்; ஓரிடத்தில் வெட்டினால் அந்தத் துண்டே வீணாகிவிடும். அதனால், போடுவதற்கு முன்பே வீட்டுக்கு ஒன்றாக ஒரு பெரிய குழாயைக் குறுக்கே புதைத்துவிடுவார்கள். சாலைக்கு அடியில் போய், சாக்கடைக்கும் அடியில் புகுந்து, அந்தந்த வீட்டு முற்றத்தில் அது தலைகாட்டும். பிறகு அதற்குள் வீட்டுக் குழாயை இழுத்துக்கொள்ளலாம். எங்கெங்கே புதைப்பது என்று நவம்பரில் சுண்ணாம்பு டப்பாவோடு நடந்து குறி போட்டவள் ரோஹிணிதான். தெருவைப் பார்த்த கதவு ஒன்றுக்கு ஒரு குறி. அதுதான் பிரிவின் வழக்கம்.

புதன் காலை அவள் அந்த மிச்சக் குழாயின் பின்னாலேயே நடந்தாள். முப்பத்தெட்டாம் எண் வீட்டின் மதிலை ஒட்டி ஓடி, சட்டென்று ஒரு சந்துக்குள் திரும்பியது அது. ஒருவர் வந்தால் எதிரே வருபவர் பின்னால் நகர வேண்டிய அகலம். உள்ளே எங்கோ தட் தட் என்று சோள ரொட்டி தட்டும் சத்தம். குழாய் ஒரு பச்சைக் கதவின் கீழ் நுழைந்து மறைந்தது.

"யாரு, சிலிண்டரா? அந்தச் சுவரோரமா வை, வழியில வெச்சா நான்தான் இடிச்சுக்குவேன்" என்று உள்ளேயிருந்து ஒரு பெண்குரல்.

"சிலிண்டர் இல்லக்கா. நகரசபை. ரோடு விஷயமா."

"ரோடா? ரோடு வீட்டுக்குள்ளயே வந்துருச்சா?"

மாவுக் கைகளோடு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். நாற்பது வயதிருக்கும். பின்னால் அடுப்பருகே கூடமாட ரொட்டி தட்டிக்கொண்டிருந்த இன்னொரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூங்கில் கூடையில் காய்ந்த ரொட்டிகள் இடுப்புயரத்துக்கு அடுக்கியிருந்தன. எட்டிப் பார்த்தவள் பெயர் நீலவ்வா. புருஷன் ஈரப்பா பஸ் கண்டக்டர், ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வீட்டுக்கு வருவான். அவள் ரொட்டி தட்டி ஊரிலுள்ள சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறாள்.

"இது எத்தனாம் நம்பர் வீடுக்கா?"

"முப்பத்தெட்டு."

"முப்பத்தெட்டு முன்னாடி இருக்கிற வீடாச்சே."

"முன்னாடி இருக்கறதும் முப்பத்தெட்டு, பின்னாடி இருக்கறதும் முப்பத்தெட்டு. நடுவுல ஒரு சுவரு. முன்னாடி எங்க பாவா இருக்கார், என் வீட்டுக்காரரோட அண்ணன். பாகம் பிரிச்சப்ப தெருக்கதவு அவர் பங்குல போச்சு. சமையலறையும் இந்தச் சந்தும் எங்களுக்கு." அவள் மாவைக் கையிலிருந்து உருட்டி எடுத்தாள். "கேஸ் இன்னும் கோர்ட்டுலதான் இருக்கு. தீர்ப்பு வர்றவரைக்கும் நம்பரைப் பிரிச்சுத் தரமாட்டோம்னு உங்க ஆபீஸ்லதான் சொன்னாங்க. ஆனா தண்ணிக் குழா அப்பவே தனித்தனியாப் போட்டுட்டோம். ஏன், என்னாச்சு?"

ரோஹிணி சந்தின் வாயைத் திரும்பிப் பார்த்தாள். பழைய சாலையைத் தோண்டியபோது தண்ணீர்ப் பிரிவு ஆட்கள் ஒவ்வொரு அறுந்த குழாயாகப் பார்த்துத் தற்காலிக இணைப்பு கொடுத்திருந்தார்கள். அதனால் அவர்கள் எண்ணிக்கை சரியாக இருந்தது. இவளோ கதவுகளை எண்ணியிருந்தாள். நவம்பரில் இந்தச் சந்தின் வாய் வரை வந்தது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஏதோ கொல்லைப்புறம் போகிற வழி என்று நினைத்து, உள்ளே நுழையாமல் அடுத்த கதவுக்குப் போய்விட்டாள்.

"இந்தக் கறுப்புக் குழாயை ரோடு முடிஞ்சதும் எடுத்துடுவாங்கன்னு பேசிக்கறாங்களே" என்றாள் நீலவ்வா. "அப்புறம் எங்களுக்கு எதுல வரும்?"

"பாத்துட்டுச் சொல்றேங்க்கா."

நகரசபைக்கு வருபவர்களிடமெல்லாம் எல்லோரும் சொல்லும் அந்த வாக்கியம் தன் வாயிலிருந்தும் வந்தது அவளுக்குக் கசந்தது.

அலுவலகத்தில் உதவிச் செயற்பொறியாளர் துரமரி, தேர் வீதி வரைபடத்தின் மேல் டீ கிளாஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதிகம் பேசாத மனிதர். கோபம் வந்தால் இன்னும் குறைவாகப் பேசுவார்.

"தெருவுக்குக் கதவு எத்தனை?" என்றார், அவள் சொல்லி முடித்ததும்.

"நாப்பது சார்."

"புதைச்சது?"

"நாப்பது."

"அப்புறம் என்ன?"

"வீடு நாப்பத்தொண்ணு சார்."

அவர் கிளாஸை நகர்த்திவிட்டு, முப்பத்தெட்டு என்று எழுதியிருந்த கட்டத்தை விரலால் தொட்டார். "வரி யார் பேர்ல?"

"சன்னபசப்பா. மூத்தவர்."

"ஒரு நம்பர், ஒரு வரி, ஒரு கதவு. நீ போட்ட ஒரு குறி சரி. யார் வந்து கேட்டாலும் உன் மேல தப்பு இல்லைன்னு நான் காமிச்சுடுவேன்."

"ஆனா அவங்களுக்குத் தண்ணி வராது சார்."

துரமரி ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு வேலை விஷயம் பேசும் குரலில் சொன்னார். "மூணு வழி. ஒண்ணு, பெரியவர் ஒத்துக்கிட்டா அவருக்குப் போட்ட குழாய்லயே இன்னொரு குழாயை இழுத்து, அவர் முற்றம் வழியா சந்துக்குக் கொண்டுபோயிடலாம். ஒரு மத்தியான வேலை. ரெண்டு, வடபாதிய உடைக்கறது. அதைப் பத்திப் பேசாதே. மூணு, தென்பாதியில அந்த ஒரு துண்டை மட்டும் வார்க்காம விட்டு, குழி தோண்டி, அங்கேருந்து வடபாதிக்கு அடியில துளைச்சுத் தள்ளணும். மூணு நாள் ஆகும். அந்தத் துண்டு தேர் சக்கரம் ஏறுற வரிசையில வருது. நாள் குறையும். சீக்கிரம் இறுகுற கலவை போடணும். தனியா அனுமதி வேணும்."

"அனுமதி குடுப்பாங்களா சார்?"

"குடுப்பாங்க. அளவெடுத்ததுல விட்டுப்போச்சுன்னு அளவெடுத்தவர் எழுதிக் குடுத்தா குடுப்பாங்க. அளவு சரின்னா எதுக்குத் திரும்பச் செலவு பண்ணணும்னு கேப்பாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "உன்னை நிரந்தரமாக்கற கோப்பு வெள்ளிக்கிழமை ஜில்லாவுக்குப் போகுது. நீ எழுதினா அதுவும் கூடவே போகும். தப்பு இல்லைன்னு இருக்கணும், குழாயும் வேணும்னா, ரெண்டும் ஒண்ணா கிடைக்காதும்மா. முதல்ல போய்ப் பெரியவரைப் பாரு."

சன்னபசப்பா தன் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஜாத்ரெ என்னும் தேர்த் திருவிழாவுக்கான கொடித் துணிகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. ஜாத்ரெக் கமிட்டியில் அவர் முக்கியமானவர். பொறியாளரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, உள்ளே பார்த்து டீ சொன்னார்.

"என்ன இஞ்சினியரம்மா, வியாழக்கிழமை உறுதிதானே? தேருக்குப் புதுக் கயிறே வந்தாச்சு. உங்க ரோடு மட்டும்தான் பாக்கி."

ஊர் வழக்கப்படி அவரைக் காகா, அதாவது சித்தப்பா என்று கூப்பிட்டு, அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் துணியை மடிப்பதை நிறுத்தவில்லை. ஆனால் மடிப்பு கோணலாக விழுந்தது.

"என் முற்றத்துல அவன் குழாய் ஓடாது."

"மண்ணுக்கு அடியிலதான் போகும் காகா. மேல ஒண்ணும் தெரியாது."

"எனக்குத் தெரியுமில்ல?" என்றார் அவர். "எங்கப்பா மூச்சு இழுத்துக்கிட்டுக் கெடந்தப்ப, ஈரப்பா வக்கீல் வீட்டுல உக்காந்திருந்தான். வாசல்ல எத்தனை பேர் வந்து நின்னு, சின்னவன் எங்கேன்னு கேட்டாங்க தெரியுமா? அத்தனை பேருக்கும் நான் ஒருத்தனே பதில் சொன்னேன்." அவர் கொஞ்சம் நிறுத்தினார். "தண்ணி தரமாட்டேன்னு சொல்றவன் நான் இல்ல. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். என் குழாய்ல தண்ணி வர்றப்ப அவன் பொண்டாட்டி வந்து கேக்கட்டும். எத்தனை குடம் வேணும்னாலும் பிடிச்சுக்கட்டும். கேக்கட்டும், அவ்வளவுதான்."

டீ வந்தது. ஏலக்காய் போட்டு நன்றாக இருந்தது. அதைக் குடித்து முடிப்பது ரோஹிணிக்குப் பெரும்பாடாக இருந்தது. கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்லிவிட முடிந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

அங்கிருந்து சந்துக்குள் போய் நீலவ்வாவிடம் அவர் சொன்னதை அப்படியே சொன்னாள். மனதின் ஒரு மூலையில், இவள் சரி என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்ற நினைப்பு இருந்தது. அந்த நினைப்பு இருப்பதை அவள் கவனித்தாள். கவனித்தும் அது போகவில்லை.

நீலவ்வா தவாவில் கிடந்த ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். கூட இருந்த பெண் தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"பாவா கேட்டாக் குடுப்பார். அது நெசம்தான்" என்றாள் கடைசியில். "எனக்கும் கேக்கறதுல ஒண்ணும் வெக்கம் இல்ல தங்கச்சி. அஞ்சு நாளைக்கு ஒருதடவ தண்ணி வருது. அந்த நாள்ல மட்டும் போய் நின்னா ஆச்சு. நின்னுடுவேன். ஒண்ணு கேக்கறேன், இந்தக் கான்கிரீட் எத்தனை வருஷம் இருக்கும்?"

"முப்பது வருஷம்னு கணக்கு."

"முப்பது வருஷம்." அவள் ரொட்டியை எடுத்துக் கூடையில் சாத்தினாள். "அப்ப நான் மட்டுமா கேக்கணும்? எனக்கப்புறம் என் மகன் பொண்டாட்டி கேக்கணும். பாவாவுக்கப்புறம் அவர் மகன் கிட்ட கேக்கணும். அவன் இப்பவே என்னைப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறான்."

"உங்க ரோடு நல்லா இருக்கும்மா, நான் குறை சொல்லல" என்று அடுப்படிப் பெண் குறுக்கே சொன்னாள். "ஆனா அதுல நாங்க நடந்து போய்ப் பிச்சை எடுக்கணுமா?"

"சும்மா இருடி, அந்தப் பொண்ணு என்ன பண்ணும்" என்று நீலவ்வா அதட்டினாள்.

அந்தப் பொண்ணு என்ன பண்ணும் என்பது அன்றைக்கு முழுவதும் ரோஹிணியின் காதில் கேட்டுக்கொண்டேயிருந்தது. ஆதரவாகச் சொன்ன வார்த்தைதான். அதுதான் குத்தியது.

மாலையில் மண்ணியல் பாடத்தில் தேர்வு இருந்தது. அவள் போகவில்லை. அலுவலகத்தில் எல்லோரும் கிளம்பியபின் உட்கார்ந்து எழுதினாள். அளவெடுத்த நாளில் சந்துக்குள் நான் போய்ப் பார்க்கவில்லை, அங்கே குடியிருக்கும் குடும்பத்தின் இணைப்பை விட்டுவிட்டேன் என்று எழுதினாள். படித்துப் பார்த்தாள். நேரமின்மை காரணமாக என்று ஒரு தொடரை நடுவில் சேர்த்தாள். அது பொய் என்று பட்டது. நவம்பரில் நேரம் நிறைய இருந்தது. அடித்துவிட்டு, புதுத் தாளில் மறுபடி எழுதினாள்.

துரமரி வெளியே ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாசல் விளக்கின் கீழ் நின்றபடியே தாளைப் படித்தார்.

"யோசிச்சுத்தான் எழுதினியா?"

"யோசிச்சா பயமா இருக்கு சார். அதான் எழுதிட்டேன்."

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ஸ்கூட்டர் சீட்டின் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். "நாளைக்கு அந்த ஒரு துண்டை விட்டுட்டு மத்ததெல்லாம் வார்க்கச் சொல்றேன். கான்ட்ராக்டர் கத்துவார், அதை நான் பாத்துக்கறேன். ஆனா ஒண்ணு. தேர் அந்த இடத்தைத் தாண்டுற வரைக்கும் நீ சக்கரத்தோடயே நடக்கணும். கல்லு பேந்தாலும், விரிசல் விட்டாலும், முதல்ல பாக்கறது நீயா இருக்கணும்."

"சரி சார்."

"பரீட்சை ஏதோ இருக்குன்னியே?"

"போச்சு சார்."

அவர் ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

வியாழன் விடிகாலை லாரிகள் வரிசையாக வந்தன. உருளை சுற்றச் சுற்றச் சாம்பல் நிறக் கலவை வழிந்து விழுந்தது. ஆட்கள் முழங்கால் பூட்ஸோடு அதை இழுத்துப் பரப்பினார்கள். முப்பத்தெட்டாம் எண்ணுக்கு முன்னால் குறுக்கே பலகை அடைத்து, ஒரு துண்டு மட்டும் வெறும் அடித்தளமாக விடப்பட்டது. கான்ட்ராக்டரின் மேற்பார்வையாளர் மௌலாசாப் இடுப்பில் கைவைத்து அதைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு மேடம். நிக்காஹ் அன்னைக்கு மாப்பிள்ளைக்கு முன்பல்லு விழுந்த மாதிரி."

"மூணு நாள்ல பல்லு கட்டிடலாம் அண்ணா."

"கட்டறது நான். கடிக்கப்போறது தேர்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த லாரிக்குக் கையசைத்தார்.

இடைவெளி எதற்கு என்று தெரிந்ததும் சன்னபசப்பா வெளியே வந்துவிட்டார். கூடக் கமிட்டிக்காரர்கள் இருவர். அவர் வாசலுக்கு நேர் எதிரேதான் குழி தோண்டப்போகிறார்கள்.

"என்னம்மா இது? ஊரெல்லாம் ரோடு, என் வாசல்ல பள்ளமா?"

"ஞாயித்துக்கிழமை மூடிடுவோம் காகா. நடக்கறதுக்குப் பலகை போட்டுத் தர்றோம்."

"பலகையில என் வீட்டுக்கு நான் போயிடுவேன். தேர் எப்படிப் போகும்? சக்கரம் எறங்கிச் சாஞ்சா யார் பதில் சொல்றது?"

"சாயாது."

"எப்படிச் சொல்ற?"

அவள் தயங்கினாள். "கணக்குப் போட்டுப் பாத்திருக்கோம்."

"கணக்கா?" சன்னபசப்பா அருகில் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "நாப்பதுன்னு கணக்குப் போட்டதும் நீதானேம்மா?"

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். கலவையைப் பரப்பிக்கொண்டிருந்த ஆட்களில் சிலர் தலை நிமிர்ந்தார்கள். ரோஹிணிக்குக் காது மடல் சுட்டது. அவர் சொன்னது சரி. "ஆமா காகா, நான்தான்" என்றாள். அவர் கையிலிருந்த கொடித் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

வெள்ளிக்கிழமை அனுமதி கைக்கு வந்து, குழி ஆளுயரத்துக்கு இறங்கியது. சாலைக்கு எதிர்ப்புறம், பெருங்குழாயின் பக்கத்தில் இன்னொரு சின்னக் குழி. சனிக்கிழமை காலை துளையிடும் இயந்திரம் குழிக்குள் இறக்கப்பட்டது. ஒரு கனத்த இரும்புக் குழாயைச் சுழற்றிச் சுழற்றி வடபாதிக்கு அடியில் தள்ளுவதுதான் அதன் வேலை. மேலே இருக்கும் கான்கிரீட்டுக்கு எதுவும் தெரியக்கூடாது.

முதல் நாலடி சுலபமாகப் போனது. அப்புறம் இயந்திரம் உறுமிக்கொண்டே நின்றுவிட்டது. மௌலாசாப் கையைத் தூக்கினார்.

"கல்லு. பழைய சாக்கடைக் கல்லா இருக்கும். இன்னும் அழுத்தினா அது மேல எகிறும். மேல எகிறினா உங்க ரோடுக்குத்தான் சேதம்."

ரோஹிணி குழிக்குள் இறங்கினாள். இரும்பின் முனை உள்ளே நிற்கும் ஆழத்தை நாடாவால் அளந்தாள். கல் எவ்வளவு தடிமன் என்று தெரியாது. கீழே ஒரு முழம் இறங்கிப் போனால் கல்லுக்கு அடியில் போகலாம். ஆனால் எதிர்க்குழியில் பெருங்குழாயின் கீழ்விளிம்பைத் தொட்டுவிடும் அபாயம். கணக்கை ஒருமுறை போட்டாள். நாற்பது என்று கணக்குப் போட்டதும் நீதானே என்ற குரல் வந்தது. மறுபடி போட்டாள். பிறகு மேலே ஏறி, எதிர்க்குழிக்கு நடந்துபோய், அங்கேயும் இறங்கி, பெருங்குழாயின் அடியைத் தன் கையாலேயே தடவிப் பார்த்து அளந்தாள். இடம் இருந்தது. இரண்டு கை அகலம்.

"இந்த ஓட்டையை அடைச்சுட்டு, ஒரு முழம் கீழ இறக்கி மறுபடி தள்ளலாம் அண்ணா."

"பெரிய குழாய் உடைஞ்சா ஊருக்கே தண்ணி நிக்கும் மேடம்."

"தெரியும். அந்தப் பக்கம் நான் நிக்கறேன். முனை தெரியறப்ப சத்தம் போடறேன், உடனே நிறுத்துங்க."

மௌலாசாப் தலையைச் சொறிந்தார். "நீங்க சத்தம் போட்டு நான் ஒருநாளும் கேட்டதில்லையே. இன்னைக்காவது போடுங்க."

மதியம் தாண்டியது. எதிர்க்குழிக்குள் குந்தி உட்கார்ந்து அவள் மண்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே தெருக்காரர்கள் எட்டிப் பார்ப்பதும் விலகுவதுமாக இருந்தார்கள். அவர்களின் நிழல் மண்ணில் விழுந்து விழுந்து போயிற்று. இயந்திரத்தின் அதிர்வு முதலில் காலில் தெரிந்தது. பிறகு மண்சுவரில் ஒரு கைப்பிடி மண் உதிர்ந்தது. இன்னொரு பிடி. ஈரமான இரும்பின் விளிம்பு, பெருங்குழாய்க்குக் கீழே, சரியாக இரண்டு கை அகலத்தில் வெளியே வந்தது.

"நிறுத்து!" என்று கத்தினாள். அவள் போட்ட சத்தத்தில் மேலே நின்ற ஒருவர் பின்வாங்கியே விட்டார்.

இயந்திரம் நின்றது.

அவள் மேலே ஏறி வந்தபோது சந்தின் வாயில் நீலவ்வா நின்றுகொண்டிருந்தாள். கையில் மாவு காய்ந்து வெள்ளையாகியிருந்தது. இன்னொரு பக்கம், தன் வாசற்படியில் சன்னபசப்பா. இருவருக்கும் நடுவே இயந்திரம் இறங்கிய குழி. நீலவ்வா தலைமுந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். சன்னபசப்பா குழிக்குள் எட்டிப் பார்த்தார், எதிர்ப்புறத்தைப் பார்த்தார், பிறகு யாரையும் பார்க்காமல் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார்.

அதே குழியிலிருந்து தெற்கே, சாக்கடைக்கு அடியில் சந்து வரைக்கும் இருந்த கொஞ்ச தூரத்தைப் பொழுது சாய்வதற்குள் கையாலேயே குடைந்து முடித்தார்கள். தண்ணீர்ப் பிரிவு ஆட்கள் வந்து நீலக் குழாயை உள்ளே நுழைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இழுத்தார்கள். நீலவ்வா அது தன் கதவுக்கு வந்து சேரும் வரை கூடவே நடந்தாள்.

"நாளைக்கு ஆளுங்களுக்குச் சாப்பாட்டுக்கு ரொட்டி கொண்டாரேன்" என்றாள் ரோஹிணியிடம். "ஓசியில இல்ல. கான்ட்ராக்டர்கிட்டச் சொல்லி வாங்கிக் குடு."

"சொல்றேங்க்கா."

"நீ சாப்பிட்டியா?"

"இனிமேத்தான்."

நீலவ்வா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நன்றி என்று சொல்லவில்லை. தன் தவறைச் சரிசெய்ததற்கு நன்றி எதற்கு என்று ரோஹிணியும் நினைத்துக்கொண்டாள். ஆனாலும் அந்தப் பார்வை அவளை அங்கேயே நிற்க வைத்தது.

துரமரி மாலையில் வந்து, குழியின் இரு பக்கமும் நின்று பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "கோப்பு நேத்தே போயிருச்சு. உன் தாளும் கூடப் போயிருச்சு. உன்னை நிரந்தரமாக்கறதை ஆறு மாசம் தள்ளிப்போடலாம். போடாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியல."

"சரி சார்."

"கமிட்டியிலேருந்தும் ஒரு புகார் வந்திருக்கு. அதையும் சேர்த்துத்தான் பாப்பாங்க."

வடபாதியின் சாக்குகளுக்கு ஒருவன் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான். அந்தச் சாக்குகளுக்கு அடியில், இப்போது இன்னும் ஒரு குழாய் கிடந்தது. வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. அவள் அங்கே நின்றபடியே நோட்டைப் பிரித்தாள்.

பிப்ரவரி 15, சனி.

இன்றைய தவறு: கல் இருக்கக்கூடும் என்று முன்பே சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். அரைநாள் போயிற்று. தேர்வுக்கு மறுவாய்ப்பு உண்டா என்று இன்னும் கேட்கவில்லை.

நாளை: குழியை மூன்று அடுக்காக நிரப்ப வேண்டும். ஒவ்வொரு அடுக்கையும் தண்ணீர் விட்டு இடித்து, இறுகியதா என்று சோதித்தபின்தான் அடுத்த அடுக்கு. கலவை லாரி பதினொரு மணிக்கு. அதற்கு முன் பலகைகளின் மட்டம் பார்க்க வேண்டும்.